டி வரிசையில் ஆறு இடம்

மூவாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானம். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள், வானம் கறுத்தால் அதிலும் பாதி. அந்த மைதானத்துக்கு அவர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து, டி வரிசையில் ஆறு இருக்கைகளுக்கு இடம் பிடித்து வைப்பார்.

இந்த ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் அவரும் செய்தார். உணவங்காடியில் மேசை கிடைத்ததும் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை அதன்மேல் போட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவோமே, அதே டிஷ்யூ பொட்டலம். மதிய நேரம், ஐம்பது பேர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் இடத்தில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆளே இல்லாத மைதானத்தில் எதற்கு?

முதல் நாளே இதை அவரிடம் கேட்டேன். அப்போது நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. 'பார்வையாளர்கள்' என்ற தலைப்பில் ஐந்து நிமிட ஒலிப்பதிவு செய்துவரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் மற்றவர்கள் கச்சேரிக்கும் திரையரங்குக்கும் போனார்கள். பார்வையாளர்களே வராத இடத்துக்குப் போனால் என்ன என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். உள்ளூர் கால்பந்து லீக் ஆட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒலிவாங்கியோடு போய், கண்ணில் பட்ட முதல் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"மா, அங்க ஆள் வராங்க."

திரும்பினேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேலே எங்கள் குழுவின் பழைய சட்டை, கீழே பேருந்து ஓட்டுநரின் சீருடைக் காற்சட்டை, கழுத்தில் துண்டு. கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் டிஷ்யூ பொட்டலங்கள்.

"யாரு அங்கிள்? யாருமே இல்லையே."

"ஏழு மணிக்கு வருவாங்க."

"மொத்த ஸ்டேடியமும் காலியா இருக்கு. அவங்க வேற சீட்ல உக்காரலாமே?"

நான் ஏதோ மரியாதையில்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல் பார்த்தார். "கூட்டம்னா பரவால்ல மா. பக்கத்துல இருக்கற ஆளு உன் எடத்தக் காட்டிக் குடுத்துருவாரு. காலியா இருந்தாத்தான் லா எடம் தொலஞ்சு போகும்."

நான் எழுந்தேன். அவர் அந்த இருக்கையைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு, பொட்டலத்தை நடுவில் நேராக வைத்தார். அந்த வரிசையில் கடைசிக்கு முந்தைய இருக்கையிலும் ஒன்று இருந்தது.

"அது யாருக்கு அங்கிள்?"

"தெரியாது. யாராச்சும் வந்தா?" சற்று யோசித்தார். "வந்துட்டல்ல. போய் உக்காரு."

அதன்பின் மூன்று ஆண்டுகள் அது என் இடம்.

வரிசையைச் சொல்லிவிடுகிறேன். உள்பக்கம் முதலில் ஒரு சீன அங்கிள். ஆட்டம் முழுக்கப் பேசமாட்டார். ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை எழுந்து, "லைன்ஸ்மன், ஓப்பன் யுவர் ஐ லா" என்று கத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்து ஒரு மலாய்த் தம்பதி. அந்த அம்மாவை எல்லாரும் மலாய் முறையில் மக்சிக், அதாவது ஆன்ட்டி, என்போம். அவர் கொண்டுவரும் உருளைக்கிழங்கு அடைத்த கறிபப் இடைவேளை வரை தாங்காது. அவர் கணவர் முதல் பாதியில் தூங்கி இரண்டாம் பாதியில் விழிப்பார். நான்காவது இடம் துவாஸ் அண்ணனுக்கு. புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை, அங்கேயே தங்குவிடுதி. ஓவர்டைம் இல்லாத நாளில் மட்டும் வருவார், அதாவது பருவத்துக்கு மூன்று தடவை. மற்ற நாட்களிலெல்லாம் அந்த இருக்கையில் பொட்டலம்தான் ஆட்டம் பார்க்கும். ஐந்தாவது நான். ஓரத்தில், நடைபாதையை ஒட்டி, வருகிறவர்களைப் பார்க்க வசதியாக, அவர்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதைச் சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன், ஏன் என்பதை முடிக்கும்போது நீங்களே புரிந்துகொள்வீர்கள். எல்லாருக்கும் அவர் கேப்டன். இங்கே பேருந்து ஓட்டுநர்களை அப்படித்தான் சொல்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு முன் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மஃரிப் நேரமும் ஆட்டம் தொடங்கும் நேரமும் நெருங்கி வருவதால், பொட்டலங்களைப் பரப்பிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டு வருவார். நோன்பு மாதத்தில் ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஒரு பேரீச்சம்பழம் இருக்கும். சீன அங்கிளுக்கும் உண்டு, வராத துவாஸ் அண்ணனுக்கும் உண்டு.

நான் அப்போது ஆட்ட உத்திகள் மேல் பைத்தியமாக இருந்தேன். ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். யார் யாருக்குப் பந்தைத் தள்ளினார்கள், எத்தனை முறை, எந்தப் பக்கம், எல்லாவற்றையும் எழுதுவேன். ஒரு நாள் அவரிடம், "அங்கிள், போன வருஷம் நாம நாலு கோல் வாங்குனோமே, அன்னைக்கு லெஃப்ட் பேக்கா யாரு ஆடுனாங்க?" என்று கேட்டேன்.

"நாலா வாங்குனோம்?"

"நீங்க வந்தீங்கல்ல?"

"வந்தேன். அன்னைக்கு மக்சிக் வீட்டுக்காரருக்கு இருமல். நீ கால்ல நனஞ்ச சப்பாத்தோட வந்த. சீன அங்கிள் லேட்டு, இருபது நிமிஷம்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "துவாஸ் வரல."

"ஸ்கோரே ஞாபகம் இல்லையா?"

"ஸ்கோர் போன்ல இருக்கும் லா. யாரு வந்தாங்கன்னு எந்த போன்ல இருக்கும்?"

எனக்கு அது அபத்தமாகப் பட்டது. இப்போது அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் லெஃப்ட் பேக் யார் என்று இருக்கிறது. அந்த ஆளின் முகம்கூட நினைவில்லை.

எங்கள் வீட்டில் கால்பந்து என்றால் தொலைக்காட்சிதான். இங்கிலாந்தில் இருக்கும் ஒரு குழுவை அப்பா 'நாம' என்பார். அவர் கால் வைக்காத ஊர் அது. சனிக்கிழமை முழுக்க "நாம இன்னிக்கு சரியா ஆடல" என்று சோபாவில் கிடந்து வருத்தப்படுவார். "உள்ளூர் ஆட்டத்துல என்னா இருக்குன்னு போற?" என்று என்னைக் கேட்பார். என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. ஆட்டம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் கோல்கீப்பர் ஒரு பந்தை நழுவவிட்டபோது மக்சிக் "அய்யோ" என்று முனகியது அவருக்குக் கேட்டது. திரும்பி, "சாரி மக்சிக்" என்றார். எந்தத் தொலைக்காட்சி அப்படிச் சொல்லும்? தெற்குப் பக்க கோலுக்குப் பின்னால் ஒரு பன்னிரண்டு மாடி புளோக். அதில் நாலாவது மாடியில் ஒரு பெண் மூங்கில் கழிகளில் துணி காயப்போட்டிருப்பார். அவர் கழியை உள்ளே இழுத்தால் இருபது நிமிடத்தில் மழை. வானிலைச் செயலி தவறியிருக்கிறது, நாலாவது மாடி தவறியதில்லை. வேறு மைதானத்துக்குப் போனால் எந்த மாடியைப் பார்ப்பது என்றே தெரியாது.

"வெளி மைதானத்துல நாம விருந்தாளி," என்பார் அவர். "இங்க தோத்தாலும் நம்ம வீட்டுக்குள்ள தோக்கறோம்."

ஒருமுறை ஒரு பள்ளியிலிருந்து நான்கு பேருந்து நிறையப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நாங்கள் பார்த்த ஒரே கூட்டம் அதுதான். சீன அங்கிள் வாசலிலேயே நின்று, "கேப்டன், டுடே நேஷனல் டே ஆ?" என்றார். டி வரிசையை நோக்கிப் பிள்ளைகள் வெள்ளம்போல் வந்தார்கள். கேப்டன் கைகளை விரித்து நின்றார். வந்த ஆசிரியை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"சார், இது ஃப்ரீ சீட்டிங்."

"ஆள் வராங்க டீச்சர்."

"எங்க சார்?"

"ஓவர்டைம் முடிஞ்சு துவாஸ்லேருந்து வரணும்."

 கடைசியில் கேப்டன் தன் ஓர இருக்கையை ஒரு குண்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, தொண்ணூறு நிமிடமும் நடைபாதையில் நின்றார். நான்காவது இருக்கையில் டிஷ்யூ பொட்டலம் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கும் துவாஸ் அண்ணன் வரவில்லை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அவர் சிரிக்கவில்லை. "வந்திருந்தா?" என்றார், அவ்வளவுதான்.

அவருடைய வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். தெம்பனிஸில் நிறுத்தத்தைப் பார்த்து நான் ஓடிவந்துகொண்டிருந்தேன், தேர்வுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிய பேருந்து நின்றது, கதவு திறந்தது, உள்ளே அவர். பின்னாலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். எல்லாருக்கும் நேரம் இருக்கிறது, இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால் புகார் கொடுப்பேன் என்று. அவர் கண்ணாடியில் அந்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். என்னிடம் மெதுவாக, "ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு," என்றார். "ஓடி வர்ற ஆள விட்டுட்டுப் போனா, அந்த ஆளு நாள் முழுக்க ஓடிட்டேதான் இருப்பாரு. நான் பாத்திருக்கேன்."

ரயிலில் அவர் ஏறவே மாட்டார். அது யாருக்காகவும் நிற்காது என்பது அவருடைய வருத்தம். ஆனால் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பது மட்டும் மனப்பாடம். ரயிலிலிருந்து இறங்கிவரும் கூட்டத்துக்காகப் பேருந்து முனையத்தில் காத்திருந்தே கற்றுக்கொண்டது.

இப்படியே எழுதிக்கொண்டுபோனால் அவரை ஓர் இனிமையான கிழவராக்கிவிடுவேன். அப்படியில்லை. அவர் தொல்லை. ஆட்ட நாளில் நண்பகலிலிருந்தே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் பெயராகப் போட்டுக் கேட்பார். பதில் சொல்லாவிட்டால் கூப்பிடுவார். காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்பார். சீன அங்கிள் ஒருநாள் சளியோடு போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏன் வந்தீர்கள் என்றதற்கு அந்த அங்கிள் சொன்னது, "ஹி கீப் தி சீட் ஆல்ரெடி, ஹௌ டு நாட் கம்?" சிரிப்பாகச் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் ஒரு சலிப்பு இருந்தது. நமக்காக ஒருவர் இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்பது சந்தோஷம்தான். ஒவ்வொரு வாரமும் பிடித்து வைத்திருக்கிறார் என்பது வேறு. எனக்கு இருபது வயதாகி, பயிற்சி வேலை, நண்பர்கள், எல்லாம் வந்தபிறகு, அந்தப் பொட்டலம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும்.

ஒருமுறை புதிதாக வந்த துப்புரவுப் பணியாளர் பொட்டலங்களைக் குப்பை என்று நினைத்துக் கூட்டி அள்ளிவிட்டார். தொழுகை முடிந்து வந்தவர் வெறும் இருக்கைகளைப் பார்த்து அப்படியே நின்றார். பதறவில்லை, திட்டவில்லை. நாங்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்தோம், இடம் மாறவா போகிறது? ஆனாலும் அன்று முழுக்க அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை. எங்களையே மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பிறகு மைதானத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அந்த இடத்தில் வீடுகள் வரும். எங்கள் குழு இனி தீவின் மறுகோடியில், பூன் லே பக்கம் இருக்கிற இன்னொரு மைதானத்தில் ஆடும்.

நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கே இணையத்தில் ஒரு மனு தொடங்கினேன். சுவரொட்டி வடிவமைத்தேன். கோல்கீப்பர் 'சாரி மக்சிக்' சொன்ன கதையை எழுதிப் பகிர்ந்தேன், ஆயிரம் பேர் விரும்பினார்கள். நானூறு பேர் கையெழுத்திட்டார்கள். சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு தானியங்கி பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னொன்று அனுப்பினேன், அதே நன்றி அதே வரிகளில் வந்தது.

அவரிடம் போனில் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை தள்ளிப் பார்த்தார்.

"நானூறு பேரா?"

"ஆமா அங்கிள்."

"இதுல டி வரிசைல ஒரு நாள் உக்காந்தவங்க எத்தன பேரு?"

நான் விரல்விட்டு எண்ணினேன், ஒரு கை போதுமாக இருந்தது.

"பரவால்ல," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "துவாஸ்காரருக்குப் புது மைதானம் பக்கம். அவராச்சும் வருவாரு."

கடைசி ஆட்டத்துக்கு எல்லாரும் வந்தோம். துவாஸ் அண்ணன்கூட மேலாளரிடம் கெஞ்சி வந்திருந்தார். கேப்டனுடையதைத் தவிர ஐந்து இருக்கைகளும் நிறைந்தன. அவர் உட்காரவே இல்லை. ஓரத்தில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நாங்கள்தான் ஆட்டம் என்பதுபோல. மக்சிக் வழக்கத்தைவிட இரு மடங்கு கறிபப் கொண்டுவந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் புல்லில் இறங்கி ஒரு படம் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். காவலாளியிடம் நான் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கியிருந்தேன். இருபதாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் நாலாவது மாடிப் பெண் துணிக் கழியை உள்ளே இழுத்தார்.

"இன்னிக்கு வேணாம்," என்றார் அவர், அந்தப் பெண்ணைப் பார்த்து. அத்தனை தூரத்துக்குக் கேட்காது.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தது. இந்த ஊரில் அது ஒலித்தால் பேச்சே இல்லை. நடுவர் ஊதினார், ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள், எங்களையும் கீழே இறக்கினார்கள். பார்வையாளர் மேடைக்கு அடியில், கழிவறை வாசனையில், நாற்பது நிமிடம் நின்றோம். மழை கொட்டியது. எச்சரிக்கை நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல், ஆட்டம் கைவிடப்பட்டது, மீதி ஐம்பத்தேழு நிமிடமும் இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமை, புதிய மைதானத்தில் நடக்கும் என்றது.

மேற்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முடிந்திருந்தால் கைதட்டியிருப்போம், அழுதிருப்போம், படம் எடுத்திருப்போம். இது முடியவில்லை. நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான். சீன அங்கிள் குடையை விரித்துக்கொண்டு, "பை பை" என்று, அடுத்த வாரம் பார்ப்பவரைப்போல் போனார். துவாஸ் அண்ணன், விடுதிக்குப் போகும் வண்டி தவறிவிடும் என்று ஓடினார்.

கேப்டன் மட்டும் மேலே ஏறிப்போனார். காவலாளி கூப்பிட்டும் நிற்கவில்லை. ஆறு இருக்கைகளுக்கு அடியிலும் குனிந்து, நனைந்து ஊறிப்போன பொட்டலங்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அங்க வந்துருங்க," என்றார், மிச்சமிருந்த எங்களிடம். "நான் எடம் போட்டு வைக்கிறேன்."

"கண்டிப்பா அங்கிள்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை நண்பகலில் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்தது. மக்சிக் இன்ஷா அல்லாஹ் என்று போட்டார். சீன அங்கிள் ஒரு கட்டைவிரல். துவாஸ் அண்ணன், இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, ஓவர்டைம் என்று குரல்செய்தி அனுப்பினார். நான் ஒரு கால்பந்துப் படம் போட்டேன். அதற்கு வருகிறேன் என்றும் அர்த்தம் கொள்ளலாம். அன்று மாலை என் அக்கா மகளின் காதுகுத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோடு லிட்டில் இந்தியா போகவேண்டியிருந்தது. மற்றவர்கள் போவார்கள், அவர் தனியாக இருக்கமாட்டார் என்று நினைத்தேன். ஒவ்வொருவரும் அப்படியே நினைத்திருக்கிறோம்.

சிராங்கூன் சாலைப் புடவைக் கடை. முன்னால் பட்டுப் புடவைகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் போனைச் சாய்த்து வைத்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன வை," என்றார் அம்மா. "இந்த மாம்பழ மஞ்சள் எப்படி?"

"நல்லாருக்கும்மா."

"பாக்காமலே சொல்ற."

இரண்டாம் பாதியில் பந்து வெளியே போயிருந்த ஒரு நேரம். கேமரா சும்மா பார்வையாளர் மேடையைச் சுற்றி வந்தது. நீல இருக்கைகள், நீல இருக்கைகள், மீண்டும் நீல இருக்கைகள். நான்காவது வரிசையில் அவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள்.

ஒருவர்கூட வரவில்லை.

நான் யோசிக்கவில்லை. விரல்தான் தட்டியது: 'வந்துட்டிருக்கேன் அங்கிள். ட்ரெயின்ல இருக்கேன்.'

உடனே பதில் வந்தது: 'மெதுவா வா மா. எடம் இருக்கு.'

நேரலை அரை நிமிடம் தாமதமாக வரும். அதனால் அவர் பதில் வந்து, நான் அதைப் படித்து முடித்த பிறகுதான், அதை அவர் எழுதுவதைப் பார்த்தேன். ஆட்டம் தொடங்கிவிட்டது, கேமரா பந்தோடு ஓடியது, ஆனால் திரையின் மூலையில் அவர் தெரிந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். ஒரு விரலால் தட்டினார். பிறகு சாய்ந்து, ஐந்தாவது இருக்கையில் இருந்த பொட்டலத்தை நேராக்கி வைத்தார்.

"அம்மா, நான் போகணும்."

"எங்க? இன்னும் ஜாக்கெட் துணி பாக்கல."

"பூன் லே."

"பைத்தியமா உனக்கு? அங்க போறதுக்கே ஒரு மணி நேரம் ஆவும்."

ஆகும் என்று எனக்கும் தெரியும். ஓடினேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, மேற்கே போகும் ரயிலைப் பிடித்தபோது அவரிடமிருந்து செய்தி: 'முடிஞ்சிருச்சு. எந்த ஸ்டேஷன்?'

ரயில் தியோங் பாருவை நெருங்கிக்கொண்டிருந்தது. பூன் லேக்குக் குறைந்தது இருபத்தைந்து நிமிடம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலில் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தேவைப்பட்டது. 'ஜூரோங் ஈஸ்ட்' என்று எழுதினேன்.

'சரி. இருக்கேன்.'

அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது, யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்று. ஜூரோங் ஈஸ்டிலிருந்து பூன் லேக்கு மூன்றே நிலையம். அவருக்கு நிமிடக் கணக்கே தெரியும். அந்த நிமிடங்கள் கடந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

கடந்தன. ரயில் டோவரை நெருங்கியபோது அவர் கூப்பிட்டார். போன் கையில் அதிர்ந்தது. எடுத்தால் ரயிலின் அறிவிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்லிவிடும். பார்த்துக்கொண்டே நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண், எடுக்கப்போகிறேனா இல்லையா என்று என்னையே பார்த்தார். நின்றது. மறுபடி அவர் கூப்பிடவில்லை.

ரயிலை நான் தள்ள முடியாது. டோவர், கிளமெண்டி. ஜூரோங் ஈஸ்டில் கதவுகள் திறந்தன, மூடின. அங்கே இருப்பதாகச் சொல்லிக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றைக்குப் பிறகும் குழுவில் ஆட்ட நாட்களில் 'எடம் இருக்கு' என்று அவரிடமிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டுக் கேட்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் பதில் எழுத உட்கார்ந்து அழித்த செய்திகள் எத்தனையோ. ஒரு கட்டத்தில் அந்தச் செய்தியும் நின்றது. அவர் எண் மாறிவிட்டது என்று குழுவில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது. அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் இருக்கும். பார்த்ததில்லை.

அன்று பூன் லேயில் இறங்கி மைதானம் வரை ஓடினேன். விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டிருந்தார்கள். வாயிலைப் பூட்டிக்கொண்டிருந்த காவலாளி தமிழர், எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. "முடிஞ்சிருச்சு மா," என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜூரோங் ஈஸ்ட் நீங்கதானா?"

நான் தலையசைத்தேன்.

அவர் ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டு மேலே கைகாட்டினார். நான்காவது வரிசைக்கு ஏறினேன். மற்ற இருக்கைகளில் ஒன்றுமில்லை, பொட்டலங்களை எடுத்துவிட்டுத் துடைத்திருந்தார். ஐந்தாவது இருக்கையில் மட்டும் பொட்டலம், நடுவில், நேராக.

கீழே இறங்கிவந்தபோது காவலாளி சாவியோடு காத்திருந்தார்.

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. மணியப் பாக்குறாரு, வாசலப் பாக்குறாரு. காலைல மொத ஷிப்டாம். இப்பதான் பத்து நிமிஷம் முன்னாடி எதுத்தாப்புல பஸ் ஏறுனாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"ம். நீங்க வருவீங்கன்னாரு. வந்தா, ஓடி வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.